வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வாசகர் வட்டத்தின் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள ஓராண்டுக்கான அறிக்கையை முன்வைக்கிறேன். மாதாந்தர நூல் அறிமுகக் கூட்டங்களும் கோடை விடுமுறை வாசிப்பு முகாமும் வழக்கம்போல் நடந்தேறின. அவற்றின் விவரம் கூட்டக் குறிப்பேட்டில் உள்ளது. சென்ற பொதுக்குழு நமக்கு ஒப்படைத்த தனிப் பணியைப் பற்றியே இங்கு விரிவாகக் கூற விரும்புகிறேன். பலரும் கூடித் தொகுக்கும் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில், நமது வட்டாரத்தில் உள்ள மகேந்திரகிரி இஸ்ரோ உந்துவிசை வளாகத்தைப் பற்றிய தமிழ்ப் பதிவைச் சரிபார்த்துத் திருத்துவதே அப்பணி.

பதிவின் முதல் வரியே அந்த வளாகத்தை ராக்கெட் ஏவுதளம் என்று கூறியது. மகேந்திரகிரியிலிருந்து எந்த ராக்கெட்டும் விண்ணுக்குச் செல்வதில்லை. அங்கு இயந்திரத்தைச் சோதனை மேடையில் அசையாதபடி பொருத்தி, எரியவிட்டு, அதன் அழுத்தம், வெப்பநிலை, உந்துவிசை ஆகியவற்றை அளக்கிறார்கள், ஏவுவது ஸ்ரீஹரிகோட்டாவில். இந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று தேடியதில் 2024 பிப்ரவரி மாதச் செய்திகளில் விடை கிடைத்தது. மகேந்திரகிரியில் அமைந்த செமி கிரையோஜெனிக் (மிகக் குளிர்ந்த திரவ ஆக்சிஜனையும் மண்ணெண்ணெயையும் எரிக்கும் வகை) இயந்திரங்களுக்கான சோதனைக் கூடத்தைப் பிரதமர் பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்திலிருந்தபடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். மறுநாள் தூத்துக்குடி விழாவில், குலசேகரன்பட்டினத்தில் அமையவுள்ள ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார். அடுத்தடுத்த நாள்களில் நடந்த இவ்விரு நிகழ்ச்சிகளையும் யாரோ ஒரே பத்தியில் எழுதப்போய், பின்னர் வந்தவர்கள் அதைச் சுருக்கியபோது இரண்டு இடங்களும் ஒன்றாகிவிட்டன. தவறு செய்தவரைவிடச் சுருக்கியவர்மேல்தான் எனக்கு வருத்தம்.

இடம் பற்றிய தகவல்களிலும் குழப்பம் இருந்தது. நாகர்கோவில் அருகில் இருப்பதால் வளாகத்தைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் சேர்த்திருந்தார்கள். அது பணகுடி, காவல்கிணறு பக்கமாகத் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. மலையடிவாரத்தில் உள்ள வளாகத்துக்கு, 1,600 மீட்டரையும் தாண்டி நிற்கும் சிகரத்தின் உயரத்தைக் கொடுத்திருந்தார்கள். அதோடு நில்லாமல், ஒடிசாவின் கஜபதி மாவட்டத்தில் உள்ள மற்றொரு மகேந்திரகிரியின் படமும் பக்கத்தில் இடம்பெற்றிருந்தது. இவை மூன்றும் எளிதில் சரியாயின.

தொடக்க ஆண்டு அவ்வளவு எளிதாக முடியவில்லை. 2014 என்று பதிவு சொன்னது. 1980களிலிருந்தே அங்கு வேலை நடந்துவருவதை அறிந்த உறுப்பினர்கள் அதை அப்படியே நீக்கிவிட வேண்டும் என்றார்கள். உண்மையில் இரண்டுக்கும் பொருள் உண்டு. இஸ்ரோவின் திரவ உந்துவிசை அமைப்புகள் மையத்தின் சோதனைத் தளமாக 1980களில் உருவான இவ்விடம், 2014 பிப்ரவரி 1 முதல் தனி மையமாக உயர்த்தப்பட்டு இஸ்ரோ உந்துவிசை வளாகம் என்ற பெயரைப் பெற்றது. எனவே ஆண்டை நீக்காமல், அந்த ஆண்டில் நடந்தது என்ன என்பதைச் சேர்த்து எழுதினோம்.

இந்தப் பிரிவினையை அறியாததால் இன்னொரு பிழையும் நுழைந்திருந்தது. 2025 ஜனவரியில் குமரி மாவட்டத்துக்காரரான வி. நாராயணன் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்றதும், அவர் பெயர் மகேந்திரகிரி வளாகத்தின் முன்னாள் இயக்குநர் பட்டியலில் ஏறிவிட்டது, முன்னாள் இஸ்ரோ தலைவர் கே. சிவன் பெயர் அதற்கு முன்பே அங்கு இருந்தது. இருவரும் இயக்குநராக இருந்தது கேரளத்தின் வலியமலையைத் தலைமையிடமாகக் கொண்ட திரவ உந்துவிசை அமைப்புகள் மையத்தில், அதுவும் வளாகம் பிரிந்த பிறகு. நம் பக்கத்து மனிதர்கள் என்ற பெருமையில் எழுதியவர்களின் மனம் புரிகிறது என்றாலும், பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. அவ்விரு பெயர்களையும் நீக்கியபோது கடுமையான மறுப்பு வந்தது. தொகுப்போர் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் ஆண்டுகளை வரிசைப்படுத்திக் காட்டிய பிறகே அது அடங்கியது.

இஸ்ரோ ராக்கெட்டுகளில் பயன்படும் விகாஸ் என்ற திரவ எரிபொருள் இயந்திரம் முழுக்க முழுக்க மகேந்திரகிரியில் உருவானது என்ற வாக்கியத்தையும் மாற்றினோம். பிரெஞ்சு நாட்டின் வைகிங் இயந்திரத் தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டு, 1974 ஒப்பந்தத்தின்படி நம் பொறியாளர்கள் அங்கு சென்று கற்று வந்து உருவாக்கிய இயந்திரம் அது. 1985இல் அதன் முதல் சோதனை பிரான்ஸின் வெர்னோன் நகரில்தான் நடந்தது. பாகங்களைச் செய்து தருவது தொழில் நிறுவனங்கள். பொருத்துவதும் சோதிப்பதும் மகேந்திரகிரியின் பணி. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக விகாஸ் 2021 ஜூலை 14 அன்று 240 விநாடியும், திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்கும் சிஇ-20 கிரையோஜெனிக் இயந்திரம் 2022 ஜனவரி 12 அன்று 720 விநாடியும் இங்கு எரியூட்டிச் சோதிக்கப்பட்டதைப் பதிவில் சேர்த்திருக்கிறோம்.

அறிக்கை ஆண்டிலேயே நடந்த சோதனைகளை எழுதுவதில்தான் உழைப்பு மிகுதி. செய்தித்தாள்கள் ஒவ்வொரு சோதனையையும் "இயந்திரச் சோதனை வெற்றி" என்றே தலைப்பிடுகின்றன. எது சோதிக்கப்பட்டது என்பது நான்காம் பத்தியில் இருக்கும், அல்லது இருக்காது. 2024 நவம்பர் 29 அன்று சிஇ-20 இயந்திரத்தைக் கடல்மட்டக் காற்றழுத்தத்தில் சோதித்தார்கள். எரிந்த வாயு வெளியேறும் அகன்ற கூம்புக் குழலான அதன் நாசிலில், அந்த வாயு சுவரைவிட்டு விலகிப் பெரும் அதிர்வை உண்டாக்கும் என்பதால், நாசில் பாதுகாப்பு அமைப்பொன்றைப் பொருத்தியிருந்தார்கள். 2025 பிப்ரவரி 7 அன்று நடந்ததோ வெற்றிடச் சூழலில் அதே வகை இயந்திரத்தின் பற்றவைப்பு. பதிவில் இவ்விரண்டும் ஒரே சோதனையாகக் கலந்து கிடந்தன.

செமி கிரையோஜெனிக் இயந்திரம் 2,000 கிலோ நியூட்டன் உந்துவிசைக்காகத் திரவ ஆக்சிஜனும் மண்ணெண்ணெயும் கொண்டு வடிவமைக்கப்படுவது. 2024 மே 2 அன்று நடந்தது, எரிபொருளைச் செலுத்தும் டர்போ பம்புகளைச் சுழற்றுவதற்கான வாயுவைத் தரும் முன் எரிகலனின் பற்றவைப்பு மட்டுமே. 2025 மார்ச் 28 அன்று 2.5 விநாடி எரிந்தது, முதன்மை எரிப்பு நடக்கும் உந்து அறை நீங்கலாக மற்ற அமைப்புகள் அனைத்தையும் கொண்ட இடைநிலை வடிவம். டர்போ பம்புகள், முன் எரிகலன், கட்டுப்பாட்டுக் கருவிகள் ஆகியவை சேர்ந்து ஒழுங்காக இயங்குகின்றனவா என்று பார்ப்பதே அதன் நோக்கம். "முழு இயந்திரமும் சோதிக்கப்பட்டது" என்று மறுநாளே பதிவில் ஏறியிருந்த வரியை நமது இளைஞர் அணி அன்று மாலையே திருத்தியது. ஏப்ரல் 24 அன்று நடந்த 3.5 விநாடிச் சோதனை அடுத்த ஆண்டுக் கணக்கில் சேரும்.

சான்று பற்றி நம் கூட்டத்தில் எழுந்த விவாதத்தையும் குறிப்பிட வேண்டும். மூத்த உறுப்பினரான அண்ணாச்சி ஒருவர், "சோதனை நடந்தா எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிருதே, அதைவிடச் சான்று என்ன வேணும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது, ஆயினும் அச்சில் வராத ஒன்றைப் பிறர் சரிபார்க்க வழியில்லை என்பதால் கலைக்களஞ்சியம் அதை ஏற்காது. வளாகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர், தாம் வேலைபார்த்த இடத்தைப் பற்றித் தாமே எழுதுவது முறையன்று எனத் தொகுக்க மறுத்துவிட்டு, எந்த ஆண்டறிக்கையில் எதைத் தேடலாம் என்று மட்டும் வழிகாட்டினார். அந்தக் கட்டுப்பாட்டுக்குச் செயற்குழு நன்றி தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. வளாகத்தின் உட்புற அமைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டவை எதையும் எழுதுவதில்லை என்பதும் அதே கூட்டத்தில் முடிவாயிற்று.

வரும் ஆண்டில் திரவ ஹைட்ரஜன் ஆலை பற்றிய பத்திக்குச் சான்று சேர்ப்பதும், குலசேகரன்பட்டினத்துக்கெனத் தனிப் பதிவை விரிவாக்குவதும், சாலையிலிருந்து தெரியும் மலையை நாமே படமெடுத்து ஒடிசாப் படம் இருந்த இடத்தில் இணைப்பதும் எஞ்சியுள்ளன. படமெடுக்க விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்