குறை சாம்பாரில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

உலக மகிழ்ச்சி நாளையொட்டித் தொழிலாளர்களுக்கு யோகா வகுப்பும் மன அழுத்தம் போக்கும் முகாமும் நடத்திய நிறுவனங்களைப் பாராட்டி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். முகாம் நடத்துவதில் தப்பில்லை. நானே நடத்தியிருக்கிறேன். ஆனால் முகாம் முடிந்த மறுநாள் அதே ஆள் அதே ஷிப்டுக்கு, அதே சூப்பர்வைசரிடம்தானே போய் நிற்கப்போகிறார்? அதைப் பற்றிச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கோவையில் ஒரு நூற்பாலையில் வெல்ஃபேர் ஆபீசராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் இப்படி ஒருவர் இருந்தாக வேண்டும் என்றது. 250 பேருக்கு மேல் என்றால் கேன்டீன், 150 பேருக்கு மேல் என்றால் ஓய்வறை, நின்றே வேலை செய்பவர்கள் இடையிடையே உட்கார இருக்கை, எல்லாம் அதில் இருந்தன. இவை ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. கேன்டீன் அண்டாவை எட்டிப் பார்த்துக் கரண்டி விட்டுக் கலக்கியதும் அதில் சேரும்.

நூல் நூற்கும் மெஷின்கள் இருக்கும் ரிங் ஃபிரேம் பகுதிக்குப் புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்தார். அவர் வந்ததிலிருந்து அந்தப் பகுதி ஆட்களிடமிருந்து, சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று புகாருக்கு மேல் புகார். நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பகுதிப் பெண்களும் அதே சாம்பாரைத்தான் சாப்பிட்டார்கள். அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. சமையற்காரரை மாற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து குறிப்பு வந்தது. டீ நேரத்தில் போய் ஆட்களோடு உட்கார்ந்து பேசிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பழைய சூப்பர்வைசர் காலத்தில், இழை அடிக்கடி அறுந்தால் "இந்த ஃபிரேமை நிறுத்திப் பாருங்க" என்று, அறுந்த இழையை ஒட்டும் தொழிலாளியான சைடரே சொல்லலாம். ஃபிட்டர் வந்து பார்ப்பார். புதியவரோ, தன்னைவிட வயதில் மூத்த சைடரைப் பார்த்து, "ஒட்டறதுதான் உன் வேலை, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று வாயை அடைத்துவிட்டார். மெஷின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லக்கூடிய மனுஷன் அந்தச் சைடர். அந்த வருத்தத்தை எங்கே போய் எழுதுவார்? என் சொல்லுக்கு மதிப்பில்லை என்று எழுதப் புகார்ப் புத்தகத்தில் இடம் கிடையாது. கேன்டீனுக்கு ஒரு பக்கமே இருந்தது.

அந்தப் பகுதியில் ஒரு கரும்பலகை மாட்டி, கோளாறு தெரிந்தால் ஃபிரேம் எண்ணைச் சைடரே எழுதலாம், ஃபிட்டர் அன்றே பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. சாம்பார் அப்படியேதான் இருந்தது. புகார் குறைந்தது. அடியோடு நின்றது என்று சொன்னால் பொய்.

ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரை எங்கள் படிப்பில் பாடமாக வைத்திருந்தார்கள். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு, 1959இல் முடிவை வெளியிட்டவர். வேலையில் மனம் கசந்த நேரத்தைச் சொல்லச் சொன்னால் நிர்வாக விதி, மேலதிகாரி, சம்பளம், பணியிட வசதி என்று போனது பேச்சு. மனம் நிறைந்த நேரத்தைக் கேட்டால், செய்து முடித்த காரியம், கிடைத்த பாராட்டு, நம்பிக் கொடுத்த பொறுப்பு. முதலாவதைச் சரிசெய்தால் கசப்பு போகும், நிறைவு அதனால் மட்டும் வந்துவிடாது என்றார் அவர். நல்லது நடந்தால் தன்னால், கெட்டது நடந்தால் அடுத்தவரால் என்று சொல்வது மனித சுபாவம்தானே என்று அவரை மறுத்தவர்களும் உண்டு. நியாயமான மறுப்புதான். சம்பளம் நிறைவு தராது என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு போனஸ் பேச்சுக்கு வந்து உட்கார்ந்த மேலாளர்களை எனக்குத் தெரியும். நாளைக்கு வேலை உண்டா என்றே தெரியாமல் கேட்டில் நிற்கும் பதலி ஆளிடம், அதாவது வராதவருக்குப் பதிலாக வேலைக்கு எடுக்கப்படுபவரிடம், பொறுப்பு, பாராட்டு என்று பேசுவது அநியாயம்.

ஆனால் சம்பளமும் நிரந்தரமும் இருந்தவர்கள் கதை என்ன? மைக்கேல் மார்மாட் என்ற ஆய்வாளர் 1985இல் தொடங்கிய இரண்டாம் வொயிட்ஹால் ஆய்வு லண்டன் அரசு ஊழியர்களைப் பற்றியது. மேஜை நாற்காலி வேலை. அவர்களிலும், தன் வேலையில் தனக்கு அதிகம் உரிமை இல்லை என்றவர்களுக்கே இதய நோய் கூடுதலாக வந்தது.

வேலையில் நிறைவில்லாவிட்டால் வாழ்க்கையே வீண் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ப்ளோ ரூமில் ஒருவர் இருந்தார். பேல் என்கிற பொதியைப் பிரித்துப் பஞ்சு போடும் வேலை, மூக்கெல்லாம் தூசி. அதில் பெருமைப்பட அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் மாலையில் ஊர் ஊராகப் போய் வள்ளிக்கும்மி கற்றுக்கொடுப்பார். அங்கே அவர் ஆசிரியர். மில்லுக்கும் அதே முகத்தோடு வருவார். ஜட்ஜ், வாடனபே என்ற இருவர் 1993இல் வெளியிட்ட ஆய்வும், வேலைத் திருப்தி வாழ்க்கையைத் தொடுவதைவிட வாழ்க்கைத் திருப்தி வேலையைத் தொடுவது அதிகம் என்றுதான் சொல்கிறது. அந்த ப்ளோ ரூம்காரர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: கும்மி பழக்கும் நாட்களில் அரை நைட் என்கிற மாலை ஷிப்ட் வேண்டாம். கோன் வைண்டிங் பெண்கள் ஏற்கெனவே ஒரு நோட்டுப் போட்டு, தங்களுக்குள் ஷிப்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதையே ப்ளோ ரூமுக்கும் கொண்டுவந்தோம். நிர்வாகத்துக்கு ஆன செலவு ஒரு நோட்டுப் புத்தகம்.

அடுத்த முறை உங்கள் நிருபர் இப்படியொரு முகாமுக்குப் போனால், படம் எடுத்த கையோடு, இங்கே ஷிப்டுப் பட்டியலை யார் போடுகிறார்கள், அதில் தொழிலாளி ஒரு நாளையாவது மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டு, அந்தப் பதிலையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்ஃபேர் ஆபீசர்,
சிங்காநல்லூர், கோவை.