நாற்பது வயது தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தில் பழைய எம்ஜிபியோ டிரையம்ஃபோ வைத்துக்கொண்டு, வீட்டில் திட்டும் வாங்கிக்கொண்டிருக்கும் நண்பர்களே, வணக்கம்.

நம் ஆட்களில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் அதிகம் இல்லை. ஆனாலும் கோடையில் கார் கண்காட்சிகளுக்குப் போனால், ஏதாவது ஒரு பச்சை நிற ரோட்ஸ்டருக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, ஃபிளாஸ்கில் டீயும் டப்பாவில் புளியோதரையுமாக உட்கார்ந்திருக்கும் குடும்பம் ஒன்றாவது கண்ணில் படுகிறது. சந்தோஷமாக இருக்கிறது. போய்ப் பேச்சுக் கொடுத்தால் எல்லாரும் முதலில் குனிந்து சக்கரத்துக்குள் பார்க்கச் சொல்கிறார்கள். உள்ளே புத்தம் புது நான்கு பிஸ்டன் காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கிடுக்கி), கோடு போட்ட டிஸ்க், காரின் உயரத்தைக் குறைக்கக் குட்டை ஸ்பிரிங். எல்லாம் சரி, எம்ஓடி (கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்திரச் சோதனை) எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டால் மட்டும் ஒரு சிரிப்பு. "அதுதான் வேண்டாமே, நாற்பது வருஷம் ஆயிடுச்சே!"

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத வந்தேன். போன வருடம் வரை நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். 2018 மே 20 முதல், நாற்பது வருடம் கடந்த கார்களுக்கு எம்ஓடி கட்டாயமில்லை, கடைசி முப்பது வருடத்தில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால். கடைசி எம்ஜிபி அபிங்டன் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது 1980இல், ஆக இன்றைக்கு எல்லா எம்ஜிபிக்கும் இந்த விலக்கு உண்டு. பெரிய மாற்றம் செய்யவில்லை என்று சொல்வது யார்? நாம்தான், காரின் வரியைப் புதுப்பிக்கும்போது. யாரும் வந்து பார்ப்பதில்லை. பாதுகாப்புக்காகவோ திறனுக்காகவோ ஆக்ஸிலிலும் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) சக்கரத்தோடு சேர்ந்த மற்ற பாகங்களிலும் செய்யும் மாற்றங்களைப் பெரிய மாற்றமாகக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அரசு வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஆகவே நல்ல பிரேக் போட்டதற்காக யாரும் உங்கள் விலக்கைப் பறிக்கப்போவதில்லை. வேடிக்கை என்னவென்றால், காரில் கை வைத்த பிறகுதான் வேறொருவர் கண் அதன் மேல் படுவது ரொம்ப அவசியம், சரியாக அந்த இடத்தில்தான் சட்டம் நம்மைத் தனியாக விட்டுவிடுகிறது.

என்னிடம் இருப்பது 1971 எம்ஜிபி ஜிடி, கூரை மூடியது. பிரேக் மிதிக்க உதவும் சர்வோ இல்லாத கார், பெடலைப் பாதத்தால் அல்ல, தொடையால் மிதிக்க வேண்டும். முன்னால் 10.75 அங்குல டிஸ்க், பின்னால் 10 அங்குல டிரம். இரண்டு வருடம் காசு சேர்த்து, முன் சக்கரங்களுக்கு நான்கு பிஸ்டன் காலிப்பர் கிட் வாங்கி நானே மாட்டினேன். காலிப்பருக்கு பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் கிட்டில் வரவில்லை. பழைய ஹோஸைத் துடைத்துப் பார்த்தேன், வெடிப்பு இல்லை, கசிவு இல்லை, சரி ஓடட்டும் என்று அதையே திரும்ப மாட்டி, குழாயில் புகுந்த ஏரை எடுத்தேன். பெடல் முன்னைவிடக் கொஞ்சம் கீழே இறங்கியது, அது பழகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். (பழகக் கூடாத விஷயம் அது. பிஸ்டன்களின் பரப்பு கூடினால் பெடலோடு இணைந்த அதே பழைய மாஸ்டர் சிலிண்டர் அதிக ஆயிலைத் தள்ள வேண்டும், அதற்காகத்தான் பெடல் இறங்குகிறது. அதையாவது யோசித்திருக்கலாம்.)

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் போனோம். பிராட்வே ஊருக்கு மேலே ஏ44 சாலையில் ஃபிஷ் ஹில் என்றொரு இறக்கம், போனவர்களுக்குத் தெரியும், வளைந்து வளைந்து இறங்கும். முதல் வளைவில் நன்றாகப் பிடித்தது, எனக்கு ஒரே பெருமை. இரண்டாவது வளைவில் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் கார் இடது பக்கமாக இழுத்தது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டே இறங்கினேன். பக்கத்து சீட்டிலிருந்து "என்ன நாத்தம் இது?" என்ற கேள்வி வந்தது. கீழே வந்து ஊருக்குள் நிறுத்திப் பார்த்தால் இடது முன் சக்கரத்தின் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு சூடு. வலது சக்கரம் இளஞ்சூடாகத்தான் இருந்தது.

குற்றவாளி அந்த ஹோஸ்தான். வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்சுவர் ஊதிப்போய் வழி அடைத்துக்கொண்டிருந்தது. மிதிக்கும்போது நம் கால் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடுகிறது, காலை எடுத்தால் திரும்பி வர வழியில்லை, டிஸ்க்கை அழுத்தும் பேட் அதை விடுவதில்லை. காலிப்பர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தால் என்ன, விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் அப்படித் தேய்ந்துகொண்டே போனால் சூடு ஆயிலுக்கும் ஏறும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும் ஜாதி, ஈரம் ஏறிய பிறகு அந்தக் குறைந்தபட்சம் 155 டிகிரிக்கு வந்துவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். என் காரில் இரண்டு மூன்று வருடத்து ஆயில். இன்னொரு வளைவு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 1968 மாடலிலிருந்தே அமெரிக்காவுக்குப் போன எம்ஜிபிகளுக்கு அந்த நாட்டுச் சட்டத்துக்காக இரட்டைச் சுற்று பிரேக் (ஒரு சுற்று போனாலும் மற்றது பிடிக்கும்) கொடுத்தார்கள். உள்ளூரில் விற்ற கார்களுக்கு எழுபதுகளின் பின்பகுதி வரை ஒற்றைச் சுற்றுதான். எங்காவது ஒரு குழாய் போனால் நான்கு சக்கரமும் போச்சு, கையில் ஹேண்ட்பிரேக் மட்டும் மிச்சம். குழாய்களோ உப்புத் தூவிய குளிர்காலச் சாலைகளில் துருப்பிடித்த இரும்பு. இந்த நிலையில் இருக்கும் காருக்கு நான்கு பிஸ்டன் காலிப்பர் மாட்டுவது, ஒழுகும் கூரைக்குச் சாண்டிலியர் தொங்கவிடுகிற மாதிரி. நான் தொங்கவிட்டேன், அதனால் சொல்கிறேன்.

நான்கு பிஸ்டனால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. மலைச் சாலையிலோ டிராக்கிலோ திரும்பத் திரும்ப மிதிக்கும்போது சூட்டைத் தாங்கும், பேட் சீராகத் தேயும். ஆனால் ஒரே ஒரு தடவை அவசரமாக நிறுத்த வேண்டும் என்றால், கம்பெனி கொடுத்த பிரேக்கே 165 அளவு டயரைப் பூட்டிவிடும், அதற்கு மேல் டயருக்கும் ரோட்டுக்கும் இடையே உள்ள பிடிதான். ஹைவே கோட் கணக்குப்படி, நாம் சுதாரிக்கும் நேரத்தைத் தள்ளிவிட்டு, 30 மைல் வேகத்தில் நிற்க 14 மீட்டர், 60 மைலில் 55 மீட்டர். வேகம் இரட்டித்தால் தூரம் நாலு மடங்கு. அந்த 55 மீட்டரில் பத்து மீட்டரைக் கூட்டவோ குறைக்கவோ டயரால் முடியும். உங்கள் டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், பாருங்கள், 2312 என்றால் 2012ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரித்தது. பட்டன் தேயவே இல்லை என்று பெருமைப்படாதீர்கள், வருடத்துக்கு ஆயிரம் மைல் ஓட்டினால் எப்படித் தேயும்? ரப்பர் மட்டும் கல்லாகிப் போயிருக்கும். லாரி, பஸ்களின் முன் சக்கரத்தில் பத்து வருடத்துக்கு மேலான டயர் கூடாது என்று 2021இலேயே தடை போட்டார்கள். கார்களுக்குத் தடை இல்லை, அங்கேயும் நம்மைத் தனியாக விட்டுவிட்டார்கள்.

சஸ்பென்ஷன் கதையும் இதேதான். எம்ஜிபியின் முன்பக்கம் காயில் ஸ்பிரிங், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், நம்மூர் லாரிப் பட்டறையில் கமான் பட்டை என்பார்களே, அது. ஷாக் அப்சார்பர் நாம் பார்த்துப் பழகிய குழாய் மாதிரி இருக்காது, ஒரு பெட்டியும் அதிலிருந்து நீளும் கையுமாக இருக்கும். முன்னால் அந்தக் கையே மேல் விஷ்போனாகவும் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கை) வேலை செய்கிறது. அதனால் அது ஆடினால் சக்கரமே ஆடும். பாதிப் பேர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு குழாய் மாதிரியான டெலஸ்கோப்பிக் கிட் மாட்டுகிறார்கள், ஆனால் ஆயில் ஒழுகாத, நன்றாகப் புதுப்பித்த பழைய பெட்டியோடு ஓட்டிப் பார்த்தவர்கள் அதில் எத்தனை பேர் இருப்பார்கள்? என் அனுபவத்தில் காசுக்கு அதிகம் கொடுத்தது கீழ் விஷ்போனில் மாட்டிய வி8 புஷ் (மூட்டில் வரும் ரப்பர் வளையம்). 1973 முதல் 1976 வரை வந்த ஜிடி வி8 காருக்காகச் செய்தது, சாதாரண எம்ஜிபிக்கும் பொருந்தும், விலை ஒன்றுமே இல்லை. மாட்டிய அன்றே ஸ்டியரிங் வேறு கார் மாதிரி இருந்தது.

உயரத்தைக் குறைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரப்பர் பம்பர் வந்த 1974க்குப் பிந்தைய கார்களை அமெரிக்க விதிகளுக்காக ஒரு அங்குலத்துக்கு மேல் தூக்கிவிட்டார்கள், அதைப் பழைய உயரத்துக்கு இறக்குவது நியாயம். அதற்கு முந்தைய குரோம் பம்பர் காரை இன்னும் இறக்குவது அழகுக்காக மட்டும்தான். இறக்கினால் ஆக்ஸிலுக்கும் மேலே இருக்கும் பம்ப் ரப்பருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுருங்கும், வளைவில் ஒரு பள்ளம் வந்தால் ஆக்ஸில் போய் ரப்பரில் இடிக்கும், அந்த நொடியில் ஸ்பிரிங் என்பதே இல்லாத மாதிரி வால் பக்கம் தூக்கிப் போடும்.

ஃபிஷ் ஹில்லுக்குப் பிறகு ஹோஸ் எல்லாம் மாற்றி, ஆயில் மாற்றி, யாரும் கேட்காமலே காரை எம்ஓடிக்குக் கொண்டுபோனேன். அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. சோதித்தவர் என்னைவிட மூத்தவர், எம்ஜிபியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிரேக்கை அளக்கும் ரோலரில் ஏற்றினார், முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவு பிடித்தன. ஒரே ஆக்ஸிலில் பலவீனமான சக்கரம் மற்றதன் பிடியில் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் ஃபெயில். முன்னால் பாஸ் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருக்கும்போது பின் சக்கரங்களை ஏற்றினார், வலது பக்கம் பாதிகூட வரவில்லை. டிரம்மைக் கழற்றிப் பார்த்தபோது வீல் சிலிண்டர் கசிந்து, டிரம்மை உள்ளிருந்து பிடிக்கும் ஷூ முழுக்க ஆயில். அப்புறம் காரைத் தூக்கி, இடது முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். டக், டக். என்னை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினார். டக், டக். மிதித்தபோது சத்தம் நின்றிருந்தால் பேரிங், நிற்காததால் கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி). "கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தாய்?" என்று கேட்டார். 3000 மைலுக்கு ஒரு தடவை, சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஒரு பக்கத்துக்கு மூன்று நிப்பிளிலும் அடிக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. நான் மேல் நிப்பிளுக்கு மட்டும் அடித்துக்கொண்டிருந்தேன், அதுதான் கைக்கு எட்டியது.

இரண்டு கோளாறுமே நான் போட்ட புதுச் சாமானில் இல்லை. கண்ணுக்குப் படாமல், நான் தொடாமல் விட்ட இடங்களில் இருந்தன.

ஆகவே நண்பர்களே, கேட்பது ஒன்றுதான். பிரேக்கிலோ சஸ்பென்ஷனிலோ ஸ்பானர் வைத்தால், விலக்கு இருக்கிறதோ இல்லையோ, அந்த மாதமே எம்ஓடிக்குப் போங்கள், அப்புறம் வருடா வருடம் போங்கள். விலக்கு சோதனைக்குத்தான், பொறுப்புக்கு இல்லை. ஆபத்தான நிலையில் காரை ஓட்டினால் நாற்பது வயதுக் காருக்கும் 2500 பவுண்டு வரை அபராதமும் லைசென்ஸில் மூன்று புள்ளியும் உண்டு, ஓட்டவே தடையும் வரலாம். மாற்றியதை இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுங்கள், விபத்துக்குப் பிறகு சொன்னால் காது கொடுக்க மாட்டார்கள்.

அந்தப் பழைய ஹோஸை நீளவாக்கில் அறுத்து வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் ஓட்டை ஊசி நுழையும் அளவுதான். அடுத்த கோடையில் எங்காவது பார்த்தால் கேளுங்கள், கார் டிக்கியில்தான் கிடக்கும், காட்டுகிறேன். புளியோதரை இருந்தால் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
1971 ஜிடிக்காரன்