கங்கால் நாயும் கடலூர்த் தெருவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் போன்ற நெருக்கமான பகுதிகளில்கூட, அண்மைக்காலமாகக் கங்கால் போன்ற பெரிய காவல் நாய்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருப்பதைப் பார்த்து மனம் வருந்தி இதை எழுதுகிறேன்.

துருக்கியின் சிவாஸ் பகுதியைச் சேர்ந்த இந்த இனம், ஆட்டு மந்தையை ஓநாய்களிடமிருந்து காப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டது. வளர்ந்த ஆண் நாய் 50 கிலோவுக்கு மேலும் இருக்கும். பண்ருட்டி அருகே எங்கள் முந்திரித் தோப்பில் ஆடுகளுக்குத் துணையாக ஒரு குட்டியை வாங்கியபோது, விற்றவர் "நல்லா காவல் காக்கும்" என்றதோடு சரி. கூப்பிட்டால் வருவதில்லை, பந்தை எறிந்தால் திரும்பியும் பார்ப்பதில்லை என்று முதலில் குறைப்பட்டுக்கொண்டேன். மேய்ச்சல் வெளியில் தானே முடிவெடுத்துப் பழகிய இனத்துக்கு ஏவலுக்குக் காத்திருக்கும் குணம் குறைவு என்பது பிறகுதான் புரிந்தது. பொழுது சாய்ந்ததும் வேலியோரமாக மோந்துகொண்டே ஒரு சுற்று வரும். பின்னர் மோட்டார் கொட்டகை மேட்டில் பட்டியைப் பார்த்தபடி படுத்துக்கொள்ளும். ஒருமுறை புதிதாக வந்த ஆட்டு வியாபாரி பட்டிக்குள் கால் வைத்தபோது அது பாயவில்லை. அவருக்கும் சினையாட்டுக்கும் நடுவே குறுக்காக நின்று, நான் வந்து அவர் தோளில் கை வைக்கும்வரை அடித்தொண்டையில் உறுமிக்கொண்டே இருந்தது.

இரவில் குரைப்பதும் அதன் வேலையே. நரியைத் தொலைவிலேயே நிறுத்தும் வழி அது. அதே நாயைத் தெருவோர வீட்டு வாசலில் கட்டிப்போட்டால், போவோர் வருவோர் எல்லாரும் அதற்கு அந்நியரே. குரைத்ததற்காக அடியும் வாங்கும் நாய் ஒருநாள் கடித்துவிட்டால், பழி நாயின் மீது மட்டும் விழுவது முறையன்று.

நம் கடற்கரைப் புழுக்கமும் அதற்கு ஆகாது. மூச்சிரைத்து, வாயின் ஈரம் ஆவியாவதால்தான் நாய்க்கு உடற்சூடு தணிகிறது. காற்றில் ஈரம் மிகுந்த கத்திரி நாட்களில் அது எளிதில் நடப்பதில்லை. மயிரை மழித்துவிட்டால் தோல் வெயிலில் வெந்துபோகும். எங்கள் நாய் கிணற்றடி ஈரமண்ணில் பறித்த குழியில்தான் பகலைக் கழிக்கிறது. மாடி வீட்டில் அதற்கு வழி ஏது?

2024 மார்ச்சில் மத்திய அரசு 23 நாய் இனங்களைத் தடைசெய்யக் கோரி அனுப்பிய சுற்றறிக்கையில் கங்காலும் இருந்தது. நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தடையைவிட, வாங்குவோருக்கு முன்கூட்டியே விளக்கிச் சொல்வதே பயன் தரும் என்பது என் கருத்து. எனவே, வெறிநோய்த் தடுப்பூசி முகாம்களுக்கு வருவோரிடம் கால்நடை மருத்துவர்கள் இந்த இனங்களின் இயல்பையும் இடத்தேவையையும் எடுத்துரைக்க, மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கடலூர்.