விதி வகுக்கும் அதிகாரம்: சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

தாங்கள் இயற்றும் சட்டங்களைவிட, அவற்றின்கீழ் துறைகள் பிறப்பிக்கும் விதிகளும் அரசாணைகளும் சுற்றறிக்கைகளுமே எங்கள் அன்றாடத்தை ஆள்கின்றன. சென்னையில் ஒரு மண்டல அலுவலகத்தில், கேட்கப்பட்ட கட்டணம் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வருகிறது என்று வினவியபோது, கவுன்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த, எண்ணோ தேதியோ இல்லாத ஒரு ஜெராக்ஸ் தாளைக் காட்டி, "மேலிடத்து உத்தரவு சார், கட்டினால்தான் ஃபைல் நகரும்" என்றார் எழுத்தர். அவரை நோவானேன்? அவருக்கும் அந்தத் தாள்தான் சட்டம்.

அரசமைப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது 265ஆம் பிரிவு. கட்டணத்துக்கும் அதே கண்டிப்பு உண்டு. அகமதாபாத் நகர்ப்புற வளர்ச்சி ஆணையம் விதித்த வளர்ச்சிக் கட்டணத்துக்கு, விதிகளுக்கு அடிப்படையான தாய்ச்சட்டத்தில் வெளிப்படையான அனுமதி இல்லை என்பதால், அது செல்லாது என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1992இல் உறுதி செய்தது.

நம் ஊர் வழக்கு இன்னும் பழையது. 1950இல் சென்னை அரசு ஓர் அரசாணையின் மூலம் மக்கள் கல்விச் சங்கம் ஒன்றைச் சட்டவிரோதமானது என அறிவித்தது. அதற்கான காரணங்களை அரசே அமைக்கும் ஆலோசனைக் குழு பரிசீலித்தால் போதும், நீதிமன்ற விசாரணை வேண்டியதில்லை என்பதே அப்போதைய சட்டத் திருத்தத்தின் ஏற்பாடு. சங்கம் அமைக்கும் உரிமையை நிர்வாகத்துக்குச் சரியெனப் பட்டது என்பதை மட்டும் நம்பிப் பறிக்க முடியாது என்று, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தலைமையிலான அமர்வு 1952இல் அந்த ஏற்பாட்டையே செல்லாததாக்கியது.

ஆனால் ஒவ்வொரு சுற்றறிக்கைக்கும் உயர் நீதிமன்றப் படியேற யாரால் முடியும்? கொள்கையை வகுக்கும் அடிப்படைப் பணியைச் சட்டமன்றம் பிறரிடம் ஒப்படைக்கலாகாது என்று 1951இலேயே உச்ச நீதிமன்றத்தின் தில்லிச் சட்டங்கள் வழக்கில் தெளிவாயிற்று. அவ்வாறிருக்க, கட்டணத்தின் உச்சவரம்பையும் மேல்முறையீட்டு வழியையும்கூட "வகுத்துரைக்கப்பட்டவாறு" (அதாவது, பின்னர் விதிகளில் சொல்லப்படும்படி) என்ற ஒற்றைச் சொல்லில் துறையிடம் விட்டுவிடும் மசோதாக்கள், பெரும்பாலும் விவாதமின்றி, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவது எவ்வகையில் நியாயம்? பேரவையில் வைக்கப்படும் விதிகளை மாற்றவும் நீக்கவும் பல சட்டங்கள் உறுப்பினர்களாகிய தங்களுக்கே அதிகாரம் தருகின்றன. வைக்கத் தவறினாலே விதி செல்லாமற்போகும் என்றும் சொல்வதற்கில்லை. உச்ச நீதிமன்றத்தின் அட்லஸ் சைக்கிள் வழக்கில் 1979இல் அவ்வாறுதான் தீர்ப்பாயிற்று. எனவே கேட்க வேண்டியவர்கள் தாங்களே.

அடுத்த கூட்டத்தொடரில் வரும் மசோதாக்களில் கட்டண வரம்பும் மேல்முறையீடும் தாய்ச்சட்டத்திலேயே இடம்பெற வேண்டும். அலுவலகங்கள் அனுப்பும் ஒவ்வொரு கேட்பு அறிவிப்பிலும் சட்டப் பிரிவும் அரசிதழ் தேதியும் அச்சிடப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னை வாக்காளர் ஒருவர்