ஜெனரல் பவர் வேண்டாம், தாயி

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

கப்பலில் சேர்ந்துவிட்டேன் என்று நீ விசாகப்பட்டினத்திலிருந்து போன் செய்ததிலிருந்து உன் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. 2023இல் ஐ.என்.எஸ். டிரிங்கட் என்ற கடற்படைக் கப்பலுக்குப் பிரேர்ணா தியோஸ்தலி என்ற பெண் அதிகாரி தலைமை ஏற்கப்போகிறார் என்று வந்த செய்தியைக் கத்தரித்து பீரோவுக்குள் ஒட்டியிருந்தாளே, அதைப் பிய்த்து எடுத்துப்போய் எதிர்வீட்டு ஆச்சியிடம் காட்டிவிட்டு வந்தாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருக்கிறது.

இங்கே தியாகராஜ நகரில் நீ வாங்கப்போகிற வீட்டு விஷயமாக எழுதுகிறேன். கடலுக்குப் போய்விட்டால் போன் கிடைக்காது, எனக்குப் பதிலாக எல்லாம் செய்ய உங்களுக்கு அதிகாரம் கொடுத்து ஜெனரல் பவர் பத்திரம் எழுதித் தருகிறேன், நீங்களே முடித்துவிடுங்கள் என்றாய். அது வேண்டாம் தாயி. ஆயுசு பூரா ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதினவன் சொல்கிறேன். ஜெனரல் பவரில் எழுதுகிற வாசகப்படி, உன் பெயரில் இன்று இருப்பதையும் நாளை வரப்போவதையும் நான் விற்கலாம், அடமானம் வைக்கலாம். ஒரே ஒரு வீடு வாங்க எனக்கு எதற்கு அவ்வளவு அதிகாரம்? பெற்றவனாகவே இருந்தாலும் உன் சம்பாத்தியத்துக்கு நீதான் சொந்தக்காரி. கூடப்பிறந்தவன்தானே என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு கோர்ட்டுக்கு அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஒரு வேலைக்கு மட்டும் அதிகாரம் தருகிற ஸ்பெஷல் பவர் போதும். சர்வே எண், நான்கெல்லை, கிரையத் தொகை எல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்த வீட்டை உன் பெயருக்குக் கிரையம் பெறவும், வங்கிக் கடனுக்காகப் பத்திரத்தை ஒப்படைக்கவும் மட்டுமே அதிகாரம், விற்க அதிகாரம் இல்லை என்று வெளிப்படையாக எழுத வேண்டும். நீ இருக்கிற ஊர் சார்பதிவாளர் முன்னால் கையெழுத்திட்டு அவர் அத்தாட்சி செய்து கொடுத்தால்தான் இங்கே செல்லும். நோட்டரி முத்திரை குத்தி அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வீட்டைப் போய்ப் பார்த்தேன். தாய்ப்பத்திரத்தில், அதாவது பழைய மூலப் பத்திரத்தில், கிழமேல் 42 அடி என்று இருக்கிறது. டேப் பிடித்தால் நாற்பதரைதான் வருகிறது. கீழ்ப்புறத்துக்காரர் காம்பவுண்டு கட்டும்போது ஒன்றரை அடி உள்ளே வந்திருக்கிறார். சர்வேயர் அளந்து, உள்ள அளவைப் பத்திரத்தில் காட்டிய பிறகுதான் விலை பேச்சு. அந்தச் சொத்தின் மேல் கடன், விற்பனை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று 1975க்கு அப்புறம் உள்ள வில்லங்கத்தை இணையத்தில் பார்த்துவிட்டேன், சுத்தம். அதற்கு முந்தையதைத் தேட மனு போட்டிருக்கிறேன்.

உண்மையான சிக்கல் வேறு. வீடு கட்டின பெரியவர் தன் சுயசம்பாத்தியத்தில் வாங்கின மனை அது. உயில் எழுதாமலே போய்விட்டார், மனைவி அவருக்கு முன்னாடியே போயாச்சு. மூன்று மகன்களும் விற்கச் சம்மதம். மகள் மும்பையில் இருக்கிறாள். "அவளுக்கு அப்பவே சீர் செஞ்சு அனுப்பியாச்சு, கையெழுத்து எதுக்கு?" என்கிறார்கள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இப்படிப்பட்ட சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சரிபங்கு. சீர் செய்ததால் அந்தப் பங்கு போய்விடாது. அந்த அம்மாளும் கிரையத்தில் சேர வேண்டும், இல்லை தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும், அதற்குப் பிறகுதான் அட்வான்ஸ் என்று சொல்லிவிட்டேன். புரோக்கருக்கு முகம் சுண்டிப்போயிற்று, வேறு பார்ட்டி தயாராக இருக்கிறது என்கிறான். இருந்தால் இருக்கட்டும். இன்னொரு வீட்டுப் பெண்ணின் பங்கை விழுங்கிய வீட்டில் என் மகள் பால் காய்ச்சக் கூடாது.

பணக் கணக்கையும் இப்போதே தெரிந்துகொள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். அதற்கு வங்கிக் கடனை நம்பாதே, கையிலிருந்துதான் போட வேண்டியிருக்கும். பெண் பெயரில் வாங்கினால் ஒரு சதவீதம் குறையும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னாயே, 2025 ஏப்ரலில் வந்த அந்தச் சலுகை 10 லட்சம் மதிப்பு வரைக்கும்தான். நமக்குப் பொருந்தாது. தவணை பிடிக்கிற கணக்கில் இரண்டு மாதத் தொகை கூடுதலாகக் கிடக்கட்டும். நடுக்கடலில் உனக்கு ஓ.டி.பி. வராது.

இனி உன் வேலை. லாஜிஸ்டிக்ஸ் அதிகாரி என்றால் கப்பலின் அரிசி பருப்பிலிருந்து சம்பளக் கணக்குவரை உன் தலையில். சார்ஜ் ஒப்படைக்கிறவர் ஊருக்குப் போகிற அவசரத்தில் "எல்லாம் சரியா இருக்கு மேடம், கையெழுத்துப் போடுங்க" என்பார். ஸ்டோருக்குள் இறங்கி, நீயே எண்ணிப் பார்த்து, குறைவது எது என்று எழுதி வாங்கிவிட்டுக் கையெழுத்துப் போடு. உனக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களில் உன் வயசுக்குச் சமமாகக் கடல் அனுபவம் உள்ளவர்கள் இருப்பார்கள். பதவி உனக்குப் பெரிது என்றாலும் அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள். முதல் ஆறு மாதம் உன் புத்தி முழுக்க அங்கேதான் இருக்க வேண்டும். வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அம்மா உப்பு நார்த்தங்காய் காயவைத்து அனுப்புகிறாள். கடல் குமட்டினால் வெறும் வயிற்றோடு படுக்காதே. ஒரு துண்டைக் கிள்ளி வாயில் அடக்கிக்கொண்டு மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்கு.

கப்பல் எப்போது கிளம்பும், எப்போது திரும்பும் என்று போனில் எங்களிடம்கூடச் சொல்லாதே, நாங்களும் கேட்க மாட்டோம். பவர் எழுத எந்த நாள் தோது என்பதை மட்டும் சொல். வாசகத்தை நான் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன், வரி வரியாகப் படி. எங்கேயாவது என் கைக்கு அதிகாரம் கூடிவிட்டதாகத் தோன்றினால் அடித்துவிட்டுச் சொல், திருத்தி எழுதுகிறேன். ஆதார், பான், போட்டோவோடு இரண்டு சாட்சிகளையும் தயாராக வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா