முதல் மாத்திரைக்கு முன் சில கேள்விகள்: மாவட்டக் காசநோய் அலுவலர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு வணக்கம்.

2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் உறுதியானவுடனேயே கடுமையான மெலிவு, மூச்சுத்திணறல், துணையின்றி நிற்க இயலாமை ஆகியவற்றைக் கவனித்து, அத்தகையோரை மருத்துவமனையில் சேர்க்கும் நல்வழக்கத்தை ஏற்படுத்தியது. அதே நாளில், மருந்தின் பக்கவிளைவுகளுக்கு எளிதில் ஆளாகக்கூடியவர் யார் என்பதையும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டுகிறேன்.

ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்று காசநோய் மருந்துகளும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. முதியோர், மது அருந்துவோர், ஊட்டம் குறைந்தோர், எச்.ஐ.வி. அல்லது ஹெபடைடிஸ் பி, சி தொற்று உள்ளோர், முன்பே கல்லீரல் நோய் கண்டோர் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம். இவர்களுக்குச் சிகிச்சைக்கு முன்பும், பைரசினமைடு சேர்ந்திருக்கும் முதல் இரண்டு மாதங்களில் மறுபடியும் கல்லீரல் பரிசோதனை செய்யப்பட வேண்டும். மதுப்பழக்கத்தை அதட்டிக் கேட்டால் உண்மையான பதில் கிடைக்காது. கேள்வியின் தொனியும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

நீரிழிவு நோயாளிகள், கர்ப்பிணிகள், மது அருந்துவோர் ஆகியோருக்கு ஐசோனியசிட்டால் கைகால் மரத்துப்போகும் வாய்ப்பு கூடுதல் என்பதால், பைரிடாக்சின் (வைட்டமின் பி6) மாத்திரை தடையின்றிக் கிடைக்க வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவருக்கு எத்தாம்பியூட்டால் என்ற மற்றொரு காசநோய் மருந்து உடலில் தங்கிப் பார்வையைக் கெடுக்கலாம். கண் பரிசோதனையை அவர்களுக்கேனும் கட்டாயமாக்குங்கள்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பு, பயப்பட வேண்டாம் என்று நோயாளியிடம் சொல்லி அனுப்புகிறோம், அது சரிதான். ஆனால் பசியின்மை, குமட்டல், வாந்தி, கடும் சோர்வு, கண் மஞ்சளாதல் ஆகியவை வந்தால் அன்றே வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், காமாலையால் சிறுநீர் அடர்நிறமாவதையும் அவர் மாத்திரையின் நிறம் என்றே எண்ணிவிடுவார். "மாத்திரை சூடு, மோர் குடித்தால் சரியாகும்" என்று வீட்டில் சொல்லப்படும் நாட்களில்தான் கல்லீரல் மேலும் கெடுகிறது. சிலர் தாமாகவே மருந்தை அடியோடு நிறுத்திவிட, நோய் திரும்புவதற்கும் மருந்துக்குக் கட்டுப்படாத நிலை உருவாவதற்கும் இடம் ஏற்படுகிறது.

ஆகவே, இந்த அறிகுறிகளையும் உடனே அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணையும் சிகிச்சை அட்டையிலேயே பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். படிக்க இயலாதவருக்கு வீட்டார் ஒருவர் முன்னிலையில் அவற்றை வாய்மொழியாகச் சொல்லுங்கள். கல்லீரல் பரிசோதனைக்கான இரத்த மாதிரியை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்க ஆணையிடுங்கள். ஒரு நாள் கூலியை இழந்து மாவட்டத் தலைநகருக்கு வருமாறு மெலிந்த உடலோடு இருப்பவரிடம் கேட்பது நியாயமன்று.

மரியாதையுடன்,
காசநோயாளிகளின் நலம் நாடும் ஒரு குடிமகன்