பலகையைப் படம் பிடித்த பிறகு

ஜெலுத்தோங், பினாங்கு

அன்பு மகளுக்கு,

நேற்று நீ வாட்சாப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்துக் காலி நிலத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்று டிபிகேஎல், அதாவது கோலாலம்பூர் மாநகர் மன்றம், வைத்த பலகை. கீழே “நாம என்னம்மா செய்ய முடியும்?” என்று கேட்டிருக்கிறாய்.

ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசித் தேதி அந்தப் பலகையிலேயே சின்ன எழுத்தில் இருக்கும். அதற்குள் கடிதம் கொடு. வாட்சாப் குழுவில் நூறு பேர் திட்டினாலும் அது கோப்பில் ஏறாது. நகலில் முத்திரை குத்தி வாங்கிக்கொள். சாக்கடை அடைப்புக்கு உன் அப்பா கொடுத்த மனுவை “வரவே இல்லை” என்று சாதித்தார்கள். எந்த அலுவலகம் என்று எழுதமாட்டேன், இன்னும் அங்கே போக வேண்டியிருக்கிறது.

கோலாலம்பூரில் உனக்கு ஒரு சங்கடம் உண்டு. இங்கே எங்களுக்குச் சட்டமன்றத்துக்கு ஒன்று, நாடாளுமன்றத்துக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டு. உனக்கு நாடாளுமன்ற ஓட்டு மட்டும்தான். மேயர் நியமனத்தில் வருகிறவர். 1965இல் நிறுத்திய நகர, ஊராட்சி மன்றத் தேர்தல் நாடு முழுக்கவே இன்னும் திரும்பவில்லை. 1957இல் ஜோர்ஜ்டவுனின் முதல் மேயரானாரே டி. எஸ். இராமநாதன், அவர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றத்திலிருந்து வந்தவர். ஸ்காட்லண்ட் ரோட்டில் போகும்போதெல்லாம் சாலைக்கு அவர் பெயரை வைத்த பலகையைத் தாத்தா காட்டுவார், ஞாபகம் இருக்கா?

சரி, கையில் இருப்பதைப் பார்ப்போம். நீ இருக்கும் கொண்டோவின், அதுதான் உன் அடுக்குமாடிக் குடியிருப்பின், ஆண்டுக் கூட்டத்துக்குப் போ. வாடகைக்கு இருப்பவள் என்று ஒதுங்காதே. வீட்டுக்காரரிடம் பிராக்சி பாரத்தில் (பதிலாள் படிவம்) கையெழுத்து வாங்கி, கூட்டத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்னாலேயே கொடுத்துவிட்டால் அவருக்குப் பதிலாக நீ ஓட்டுப் போடலாம். அவர் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருந்தால் முடியாது, அதை முதலில் கேள். யார் பேசுவார், யார் வேலை செய்வார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

ரிம்பா கியாரா பூங்கா விஷயம் உனக்குத் தெரியும். அங்கே கொண்டோ கட்டக் கூடாது என்று தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பு மக்கள் 2017இல் வழக்குப் போட்டு, உயர்நீதிமன்றத்தில் தோற்று, விடாமல் மேலே போனார்கள். 2023 ஏப்ரலில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் டிபிகேஎல் கொடுத்த அனுமதி செல்லாது என்றது. நானும்தான் சந்தோஷப்பட்டேன். ஆனால் அங்கே வரிசையாக ஒட்டிக் கட்டிய நீள வீடுகளில் இருந்தவர்கள் யார்? புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களின் குடும்பங்கள், நம் ஆட்கள். நிரந்தர வீடு, நிரந்தர வீடு என்று பல பத்தாண்டுகள் காத்திருந்தவர்கள். அவர்களுக்கான வீட்டையும் ஆடம்பரக் கொண்டோவையும் ஒரே திட்டத்தில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். பூங்காவா, அவர்களுக்கு வீடா என்று இரண்டு பக்கத்தையும் மோதவிட்டாயிற்று. இரண்டுமே நியாயமாகக் கேட்டதுதான். உன் காலி நிலத்தில் உண்மையிலேயே யாரும் இல்லையா என்று பார். பின்பக்கம் தகரக் கூரை எதுவும் இருந்தால், கையெழுத்து வாங்கக் கிளம்புமுன் அங்கே போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வா.

அப்புறம் தேர்தல் வந்தால், எந்தக் கட்சியானாலும் சரி, வாக்கு எண்ணும் முகவராக உட்கார ஆள் தேடுவார்கள். 2008 மார்ச் 8 அன்று ஒரு பள்ளி வகுப்பறையில் நான் உட்கார்ந்தேன். ஒரு சீட்டில் பென்சில் கோடு கட்டத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு போயிருந்தது. அதிகாரி அதைத் தூக்கிப் பிடித்துக் காட்ட, எதிர்க்கட்சிப் பையனும் நானும் எம்பி எம்பிப் பார்த்தோம். செல்லும் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம், அது அவன் கட்சி ஓட்டுதான். வாக்கு எண்ணிக்கையை எழுதும் பாரம் 14இல் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. வாங்கி வைத்த நாசி லெமாக் அப்படியே காய்ந்து கிடந்தது.

இன்னொன்று. 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானால் வாக்காளர் பதிவு தானாக நடக்கிறது, முகவரி தானாக மாறாது. உன் மைகார்டில் (அடையாள அட்டை) இன்னும் நம் வீட்டு முகவரிதான். அதை மாற்று, பிறகு தேர்தல் ஆணையத்திடம் ஓட்டைக் கோலாலம்பூருக்கு மாற்ற விண்ணப்பி. அப்படிச் செய்தால் தேர்தலுக்கென்று ஊருக்கு வரமாட்டாய், பஸ் டிக்கெட் கிடைக்கவில்லை என்று நடுராத்திரியில் போனும் பண்ணமாட்டாய். எனக்குக் கஷ்டம்தான். இருந்தாலும் மாற்று. தீபாவளிக்கு வந்தால் போதும்.

படத்தில் அந்தக் கடைசித் தேதி மங்கலாக இருக்கிறது. நாளைக்குப் போய்ப் பார்த்துச் சொல்.

அன்புடன்,
அம்மா